எங்கள் இரண்டு இருக்கைகள்

மண்ணரை, திருப்பூர்
14 ஆகஸ்ட் 2025

சித்ரா அக்காவுக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கு ஏற்றும்போதெல்லாம் சொல்கிறாள். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும்.

அப்பாவின் போனிலிருந்து அம்மா உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. போனைக் காதில் வைத்ததும் எனக்கு வார்த்தைகள் எங்கோ ஓடிப்போய்விடும். எழுதினால் மெல்லத் திரும்பி வரும்.

நாங்கள் புறப்பட்டோம், அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை உன் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிவிட்டோம். தபன் மாமா அனுப்பிய டிக்கெட்டை அம்மா மஞ்சள் பையில் வைத்து, அந்தப் பையை இன்னொரு பையில் வைத்தாள். பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண், வசம்பு வளையல், எங்கள் கம்பெனியில் நானே செக்கிங் பார்த்த குட்டிச் சட்டைகள் எல்லாம் எடுத்துக்கொண்டோம். முந்தின நாள் அம்மா அப்பாவிடம் சொன்னபோது அவர் டிவியைப் பார்த்தபடியே, "போறதுன்னா போ. என்னைய எதுக்குக் கேக்குற" என்றார். நீ தபன் மாமாவைக் கட்டிக்கொண்டு ஒடிசாவுக்குப் போனதிலிருந்து உன்னைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். ஆனால் காலையில் எங்கள் பையை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர்தான் தூக்கி வந்தார்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் தரை தண்ணீர் மாதிரி இருந்தது. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள். உள்ளே யார் பேசினாலும் தூரத்தில் பேசுவதுபோலக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம், கறக்க வரும் ஆளுக்காகக் காத்திருக்கும் மாடு மாதிரி அசையாமல் நின்றது. இவ்வளவு பெரியது நம் மொட்டை மாடிக்கு மேலே போகும்போது எப்படிக் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

கவுண்டரில் இருந்த தம்பி எங்கள் டிக்கெட்டை வாங்கிவிட்டுத் திரையையே வெகுநேரம் பார்த்தான். "ரெண்டு சீட் குறையுதுங்க மேடம்" என்று யாரையோ கூப்பிட்டான். கழுத்தில் கார்டு, கையில் போன் மாதிரிப் பெரிய டேப் வைத்திருந்த ஒரு மேடம் சிரித்துக்கொண்டே வந்தார். "ஃப்ளைட் ஓவர்புக்குடுங்க. நீங்க ரெண்டு பேரும் வாலன்டியரா ஆஃப்லோட் ஆகறீங்க, அப்படித்தானுங்களே? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்றார்.

முதலில் சொன்னது எனக்குப் புரியவில்லை. கடைசியில் கேட்டது நன்றாகப் புரிந்தது. நீ வேலை பார்த்த காலத்தைவிட இப்போது ஆடிட் அதிகம், அக்கா. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் தொழிலாளிகளை நன்றாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வருவதற்கு முன்னால், சூப்பர்வைசர் சென்னியப்பன் அண்ணன் எங்களை வரிசையாக நிறுத்திப் பாடம் எடுப்பார். "என்ன கேட்டாலும் சிரிச்ச மொகமாச் சொல்லோணும் கண்ணு. எல்லாம் நல்லா இருக்குதுங்க, யாரும் கட்டாயப்படுத்தலீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்." கழுத்தில் கார்டு போட்ட யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் என் வாய் தானாகத் திறந்துவிடும். அங்கேயும் திறந்தது.

"யாரும் கட்டாயப்படுத்தலீங்க. எல்லாம் நல்லா இருக்குதுங்க. குடிக்கத் தண்ணி, கக்கூஸ் வசதி எல்லாம் இருக்குதுங்க" என்றேன்.

அந்த மேடம் சிரித்துவிட்டார். டேப்பில் ஏதோ தட்டிக்கொண்டு, எங்களுக்குச் சாப்பாட்டுச் சீட்டு இரண்டு கொடுத்து உட்காரச் சொன்னார். இதெல்லாம் விமானத்தில் போகிறவர்களுக்கு உள்ள முறை என்று நினைத்துக்கொண்டோம். இட்லி சாப்பிட்டோம். எதிர்ச் சுவரில் அந்தக் கம்பெனியின் வாக்குறுதிகள் என்று தமிழிலும் ஒரு போர்டு இருந்தது. நம் கம்பெனியில் பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறதே, அதே மாதிரி. முழுவதையும் படித்து முடித்தேன். எங்களை யாரும் கூப்பிடவில்லை. பெருக்க வந்த அம்மாதான், "அந்த ஃப்ளைட் போயிருச்சேம்மா" என்று சொன்னார்.

மறுநாள் மதியம் அனுப்புகிறோம் என்றார்கள். மறுநாள் காலையிலேயே விசேஷம். அம்மா பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "முடிஞ்ச விசேசத்துக்குப் போயி யாரு மூஞ்சில முழிக்க? வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

அவிநாசி வரும்வரை நான் பஸ் ஜன்னலில் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் இரண்டு இருக்கைகளும் இந்நேரம் மேகத்துக்குள் போய்க்கொண்டிருக்கும், யாரோ இரண்டு பேர் அதில் சாய்ந்து தூங்குவார்கள், அவர்களுடைய கனவில் தெரியாத ஒரு குழந்தை வந்து சிரித்தால் அது எங்களுக்கு வர வேண்டிய கனவு என்று என்னென்னவோ நினைத்தேன்.

பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

உன் தங்கை,
சுப்பு


கேந்திரபாரா, ஒடிசா
23 ஆகஸ்ட் 2025

சுப்புலட்சுமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளையின் பெயர் லிப்சா.

நீங்கள் வராத அன்றே உன் மாமா அந்த விமானக் கம்பெனிக்குப் போன் செய்தார். நீங்களாகவே சம்மதித்து இருக்கைகளை விட்டுக்கொடுத்தீர்கள், சாப்பாட்டுச் சீட்டும் வாங்கிக்கொண்டீர்கள் என்று பதிவாகியிருக்கிறதாம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

இங்கே பெயர் வைக்கும் நாளில் தாய்வீட்டார் உட்காருவதற்குத் தனி இடம் உண்டு. என் மாமியார் அதற்கென்று புதுப் பாய் வாங்கி விரித்து வைத்திருந்தார். வந்தவர்கள் அந்தப் பாயைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை. நம் ஊர்க்காரர்கள் என்றால் இட்லிதான் என்று இவர்களுக்கு நினைப்பு. மாமாவின் பெரியம்மா சிரித்துக்கொண்டே, "இட்லிக்குப் பேத்தியை விட்டுக்கொடுத்த பாட்டி" என்றாள். இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாள்போல. இப்போது எல்லாம் புரிகிறது.

அம்மாவுக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் அதை நேராகச் சொல்லியிருக்கலாம். அப்பா தடுத்தார் என்றாலும் சொல்லியிருக்கலாம். தண்ணீர், கக்கூஸ் என்று கதை எழுத வேண்டாம்.

மாமா விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. இருக்கிற இடத்தைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டால், விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் யார் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது சட்டம். சம்மதிக்காதவர்களை ஏற்றாமல் விட்டால், ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். விருப்பப்பட்டு விட்டுக்கொடுத்தவர்களுக்கு அது கிடையாது, அவர்கள் என்ன ஒப்புக்கொண்டு வாங்கினார்களோ அது மட்டும்தான்.

உங்களை உண்மையிலேயே இறக்கிவிட்டார்கள் என்றால் அதை அவர்களையே எழுதித் தரச் சொல். அம்மா பெயரைப் போட்டு, வெள்ளையம்மாள் வந்தாள், நாங்கள்தான் ஏற்றவில்லை என்று. அந்தக் காகிதத்தை நான் இந்த வீட்டில் எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். அது கிடைக்கும்வரை எனக்கு எழுதாதே. போனும் செய்ய வேண்டாம்.

சித்ராதேவி


மண்ணரை
2 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியது அப்பா. பிரிக்காமல் டிவி மேல் வைத்திருந்தார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இட்லி என்று வந்த இடத்தை மட்டும் தாண்டிவிட்டேன். பாயைப் பற்றிக் கேட்டதும் அம்மா, "என்ன கலர் பாய்னு எழுதியிருக்காளா?" என்றாள்.

ஆமாம் அக்கா, சம்மதம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது. எங்கள் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கும் பிரிசில்லாவைக் கேட்டேன். ஆஃப்லோட் என்றால் விமானத்தில் ஏறாமல் இடத்தை விட்டுவிடுவது என்று அவள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். செக்கிங் டேபிளின் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதில் எங்கே ஓட்டை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

நான் கதை எழுதுகிறேன் என்றாய். அதற்கு ஒன்று சொல்கிறேன். நீ போன மறு வாரம் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்றார். மூத்தவளைப் படிக்க விட்டதால்தானே இப்படிச் செய்தாள், இவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பெனிக்குப் போய் என் கண் முன்னாடி இருக்கட்டும் என்றார். சாரதாமணி டீச்சர் வீடு தேடி வந்தார். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நிற்க, "சுப்பு, இது நீயா எடுத்த முடிவா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் டீச்சர் என்றேன். டீச்சர் என் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். அதற்கு சென்னியப்பன் அண்ணன் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் ஆமாம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

பிரிசில்லாவின் போனிலிருந்து விமானக் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டோம். அவள் ஆங்கிலத்தில் எழுதலாம் என்றாள். நான் தமிழிலேயே எழுதினேன். உங்கள் போர்டில், பயணிக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வோம் என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள், எனக்கு விளக்கிச் சொல்லவில்லை என்று எழுதினேன். இத்தனை நாளும் அந்த மாதிரிப் போர்டெல்லாம் பார்க்க வருகிறவர்களுக்காக மாட்டியது என்று நினைத்திருந்தேன். அதை எடுத்து அவர்களிடமே படித்துக் காட்டலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

காகிதம் வந்ததும் எழுதுகிறேன்.

சுப்பு


மண்ணரை
8 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

காகிதம் வந்துவிட்டது. இதோடு வைத்திருக்கிறேன். அது எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் வந்த பதில், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், பதிவின்படி நீங்கள் விருப்பப்பட்டே இருக்கைகளை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதுதான். பிரிசில்லா சும்மா இருக்கவில்லை. புகார்களை மேலே பார்க்கும் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு கம்பெனியிலும் இருக்க வேண்டுமாம். அவருக்கு அனுப்பினாள். போன வாரம் டீ நேரத்தில் அவள் போன் அடித்தது. அதிகாரியே பேசினார். போனை என் கையில் திணித்துவிட்டு, "பேசுங்க மகாராணி" என்று சொல்லி ஓடிவிட்டாள்.

மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று கம்பெனி மொட்டை மாடிக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் வானம் கிடந்தது. மேகத்தை மிதிக்காமல் நடப்பதுபோல ஓரமாகவே நடந்தேன். அவர் குரல் வயதானவர் குரல், சென்னைப் பக்கத்துப் பேச்சு. நீ சம்மதம் சொன்னாயா இல்லையா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அப்புறம் எதற்கம்மா புகார் என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

எனக்கு வார்த்தை ஓடிவிட்டது. அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவர் பக்கத்தில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற விமானம் எனக்காக இன்னும் கிளம்பாமல் நிற்பதுபோல இருந்தது.

"சொன்னது நான்தான் சார். ஆனா எங்கம்மாவுக்குப் போகணும். எங்கம்மாவ யாரும் கேக்கல" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் எதையோ புரட்டினார். எங்கள் கம்பெனி ஆடிட்டைப் பற்றியும் கேட்டார், சொன்னேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "சட்டத்த மட்டும் பாத்தா, நீ சரின்னு சொன்னதே எங்களுக்குப் போதும்மா. ஆனா அந்தப் போர்ட யாரும் எங்கள மாட்டச் சொல்லல. நாங்களா மாட்டினது. அத இல்லைன்னு என்னால சொல்ல முடியாது." புரியாமல் சொன்ன சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டோம், ஏற்ற மறுத்ததாகவே பதிவை மாற்றுகிறேன், அதற்குரிய நஷ்டஈடும் வரும் என்றார்.

எனக்கு ஒரு வரி எழுதித் தர வேண்டும், எங்கம்மா பேர் போட்டு, அம்மா வந்து நின்றார் என்று எழுத வேண்டும் என்று கேட்டேன். அப்படி ஒரு கடிதம் இதுவரை எழுதியதில்லை என்று சிரித்தார். முடிக்கும்போது வழக்கமாகக் கேட்பார்கள்போல, எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா என்று கேட்டார். எல்லாம் நல்லா இருக்குதுங்க என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்ல சார்" என்றேன்.

கீழே இறங்கி வந்து போனைத் திருப்பிக் கொடுத்தேன். பிரிசில்லா என்ன ஆச்சு என்றாள். இல்லைன்னு சொல்லிட்டேன் என்றேன். அவள் தன்னுடைய வடையில் பாதியைக் கொடுத்தாள்.

காகிதத்தில் இரண்டாவது பத்தியைப் பார். திருமதி வெள்ளையம்மாளும் அவருடைய மகளும் உரிய நேரத்துக்கு முன்பே வந்திருந்தார்கள், உறுதியான டிக்கெட் வைத்திருந்தார்கள், அவர்களை ஏற்றாதது எங்கள் தவறு என்று இருக்கிறது. நஷ்டஈட்டோடு, ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இரண்டு டிக்கெட்டும் கொடுத்திருக்கிறார்கள். அம்மா தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

இதை எல்லோர் முன்னாலும் வை, அக்கா.

சுப்பு


கேந்திரபாரா
18 அக்டோபர் 2025

என் தங்கம் சுப்புவுக்கு,

காகிதத்தை யாருக்கும் காட்டவில்லை.

லிப்சாவைத் தூங்க வைத்துவிட்டுத் தனியாகத்தான் பிரித்தேன். அம்மா பெயரைப் படித்தேன். "வந்திருந்தார்கள்" என்ற ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை மடித்து என் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். இந்த வீட்டில் அந்தப் பேச்சு அந்த வாரத்தோடு போய்விட்டது, சுப்பு. மாமியார் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ரயிலானாலும் விமானமானாலும் இப்படித்தான், அடுத்த மழைக்குள் வருவார்கள் என்று சொல்லிவிட்டார். அத்தாட்சி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது நான் ஒருத்திதான். அம்மா என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டாளோ என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் பச்சைக் கலர், சிவப்புக் கரை. அம்மாவிடம் சொல்.

உன் பள்ளிக்கூடம் நின்றதைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. நேரில் வா, பேசுவோம்.

இரண்டு பேரும் அந்த டிக்கெட்டில் வந்துவிடுங்கள். அம்மா பத்து நாள் இருந்துவிட்டு அப்பாவுக்காகத் திரும்பட்டும். நீ இங்கேயே இருந்துவிடு. தை பிறந்ததும் நான் ஊருக்குள் ஒரு தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போகப்போகிறேன். லிப்சாவை நீ பார்த்துக்கொள்வாய் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். பின்பக்கத்து அறையைக் காலி செய்து, ஜன்னலுக்குத் திரையும் போட்டாகிவிட்டது. அங்கிருந்து ஆறு தெரியும், உனக்குப் பிடிக்கும். நீ மறுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

தீபாவளிச் சட்டையைப் போட்டுப் பார்த்தபோது எடுத்த லிப்சாவின் படத்தை அனுப்புகிறேன்.

உன் அக்கா,
சித்ரா


மண்ணரை
27 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு ஊரே காலியாகிவிட்டது. கம்பெனிகள் மூடிக்கிடக்கின்றன. ஒரு மெஷின் சத்தம்கூட இல்லாத மண்ணரை எப்படி இருக்கும் என்று நீ மறந்திருப்பாய். காகம் பறந்தால் சிறகுச் சத்தம் கேட்கிறது. நேற்று மாடியில் படுத்துக்கிடந்தேன். ஒரு விமானம் போனது. இந்தத் தடவை அதன் வயிற்றில் ஜன்னல்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம் இருக்கும், அவர்களுக்கு நான் அரிசிமணி அளவுகூடத் தெரிய மாட்டேன் என்று நினைத்தபடியே தூங்கிவிட்டேன். கனவில் உன் வீட்டு ஆறு வந்தது. பச்சைக் கலரில் சுருட்டி வைத்திருந்தார்கள். யாரோ அதை மெதுவாக விரித்துவிட்டார்கள்.

படத்தில் லிப்சாவுக்கு உன் நெற்றி. அம்மா அந்தப் படத்தை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "எந்தக் கிழமை போறீக?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் வருகிறோம், அக்கா. பத்து நாள் இருப்போம். பிறகு அம்மாவோடு நானும் திரும்பிவிடுவேன். நான் அங்கே தங்கப்போவதில்லை.

இதை எழுதுவதற்கு எத்தனை தாளைக் கிழித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அந்த அறையில் ஜன்னல் ஓரமாக நான் உட்கார்ந்திருப்பதுபோலப் பல தடவை நினைத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பது நீ நினைத்து வைத்திருக்கும் சுப்பு. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பள்ளிக்கூடமா, இந்த வேலையா, வேறு ஏதாவதா, யோசிக்க வேண்டும். இதுவரை யோசித்ததே இல்லை. தெரியும்வரைக்கும் யாருக்கும் ஆமாம் சொல்வதாக இல்லை. லிப்சாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் பார்த்துக்கொள்.

உனக்கு வருத்தமாக இருக்கும். மாமாவிடம் சொல்லிவிட்டோமே என்று கோபமும் வரும். வரட்டும். நான் மறுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல், என் பெயரிலேயே சொல்.

இன்னும் ஒன்று. நாங்கள் பத்து நாள் வந்து தங்குவது உனக்குச் சரியா? அம்மா வந்தால் உன்மேல் உள்ள குறையெல்லாம் சொல்வாள், அழுவாள், உன் சமையலறையில் டப்பாக்களை இடம் மாற்றி வைப்பாள். மாமியாருக்கும் அவளுக்கும் ஒரு பேச்சும் புரியாது. நீதான் நடுவில் நிற்க வேண்டும். யோசித்துப் பார். சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுது, அதற்காக நான் உன்னோடு பேசாமல் இருக்க மாட்டேன்.

உன் பதிலைப் பார்த்த பிறகே டிக்கெட்டில் தேதி போடுகிறேன்.

சுப்பு